88-ம் நம்பர் வராத கோடை

என் தலைமுறைக்கு ரிசீவர் என்றால் தொலைபேசியில் காதோடு வைக்கிற பாகம். டாலஸின் வடக்குப் புறநகரில் குடியேறி, பக்கத்து வீட்டுப் பெரியவர் புண்ணியத்தில் அமெரிக்க ஃபுட்பால் பார்க்கப் பழகிய பிறகுதான் அந்தச் சொல் எறிந்த பந்தைப் பிடிக்கிற ஆட்டக்காரரையும் குறிக்கும்; அது ஓடும், தாவும், கோடிக்கணக்கில் சம்பளம் கேட்கும் என்று தெரிந்துகொண்டேன். 2024 கோடையில் எங்கள் ஊர் ரிசீவர் ஒரு மாதத்துக்கு மேல் லைனிலேயே வரவில்லை.

ஜூலை கடைசியில் ஒரு மாலை. வெயில் இறங்கியும் நூறு டிகிரிக்குக் கீழே வராத நாள். பெரியவர் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பேச நின்றால் குழாயை மூடப் போகமாட்டார். ஹோஸை அப்படியே மடக்கிப் பிடித்துக்கொள்வார். உடம்பில் மைக்கேல் இர்வின் பெயர் போட்ட பழைய 88 ஜெர்சி. துவைத்துத் துவைத்து இரண்டு எட்டும் வெடித்துப் போயிருந்தன.

"வரவில்லை" என்றார்.

யார் என்று நான் கேட்கவில்லை. டாலஸ் கௌபாய்ஸ் அணி கலிஃபோர்னியாவில் ஆக்ஸ்நார்ட் என்கிற கடற்கரை ஊரில் பயிற்சி முகாம் போட்டிருந்தது. எல்லோரும் வந்தாயிற்று, சீடீ லாம் மட்டும் வரவில்லை. இந்த ஊரில் 88-ம் நம்பர் சட்டையை யாருக்கு வேண்டுமானாலும் தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். ட்ரூ பியர்சன், இர்வின், டெஸ் பிரையன்ட் என்று கை மாறி வந்த சட்டை அது. 2020-ல் லாமுக்குக் கிடைத்தது. ஆங்கிலத்தில் அவர் பெயருக்கு ஆட்டுக்குட்டி என்று அர்த்தம். பேரத்தில் முரட்டுக் கிடா என்று அந்தக் கோடையில் தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் பேசும்போது இதைச் சொன்னேன். போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கத்தில் கிளைப் பொறுப்பும் பார்த்தவர். ஃபுட்பால் தெரியாது, ஆனால் ஊதியப் பேச்சுவார்த்தை என்றால் காது நிமிர்ந்துவிடும்.

"ஒப்பந்தம் முடிஞ்சிருச்சா?"

"இல்லப்பா, இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருக்கு."

"பாக்கி இருக்கும்போதே வேலைக்கு வரலையா? எத்தனை பேரு?"

"ஒருத்தர்தான்."

"ஒத்த ஆளா ஸ்ட்ரைக்கு!" கண்டனமா பாராட்டா என்று குரலில் பிரிக்க முடியவில்லை. "சம்பளம் பிடிப்பாங்கல்ல?"

"ஒரு நாளைக்கு 40,000 டாலர் அபராதம்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. ரூபாயில் பெருக்கிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். அப்புறம், "கடைசில அதைத் தள்ளுபடி கேப்பாங்க. பேச்சுவார்த்தை முடியிற அன்னிக்கு முதல் ஷரத்தே அதாத்தான் இருக்கும்" என்றார்.

அப்பாவுக்கு எப்படித்தான் வாசம் பிடிக்குமோ. அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல். விதிப்படி, முதல் ஒப்பந்தத்தில் இருக்கிற இளம் ஆட்டக்காரரின் அபராதத்தை அணி விரும்பினால் மன்னிக்கலாம். பழைய ஆளாக இருந்தால் நாளுக்கு 50,000; அதை மன்னிக்க அணிக்கே அதிகாரம் கிடையாது. 2020-ல் சங்கமும் முதலாளிகளும் போட்ட பொது ஒப்பந்தம் அப்படி. அதனால் மூத்தவர்கள் இப்போது வேறு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்: முகாமுக்கு வருவார்கள், கையெழுத்துப் போடுவார்கள், முதுகு வலி என்று ஓரமாக நின்றுவிடுவார்கள். நம் ஊரில் பேனா இறக்கும் போராட்டம் என்போமே, கிட்டத்தட்ட அது.

சரி, 25 வயதுப் பையனுக்கு அப்படி என்ன குறை?

2011-லிருந்து புதிதாக வருகிறவர்களுக்குப் பேரமே கிடையாது. எத்தனையாவது ஆளாகத் தேர்வானாரோ அந்த இடத்துக்கான சம்பளம்தான். லாம் 2020-ல் 17-வது ஆள். நான்கு வருடத்துக்குச் சேர்த்துச் சுமார் 1 கோடியே 40 லட்சம் டாலர். ஐந்தாவது வருடத்தையும் நீட்டித்துக்கொள்ளும் உரிமை அணியிடமே இருக்கும். மூன்று சீசன் முடிகிறவரை புது ஒப்பந்தம் பற்றிப் பேசவே கூடாது. லாமுக்கு அந்தக் கதவு 2023 தொடக்கத்தில் திறந்தது. டாலஸ் உள்ளே போகவில்லை, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டது.

அந்த 2023-ல்தான் பையன் 135 பந்து பிடித்தார், 1,749 யார்டு தூரம், எல்லைக்கோட்டுக்குள் 12 டச்டவுன். பிடித்த பந்துகளின் எண்ணிக்கையில் லீக்கிலேயே முதலிடம். இர்வின் 1995-ல் வைத்திருந்த 111 பந்து, 1,603 யார்டு என்ற இரண்டு கிளப் சாதனைகளும் காலி. பெரியவர் இதை இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. "இவருக்கு 17 ஆட்டம். இர்வினுக்கு 16தான்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். நியாயமான கணக்குதான். ஆனால் சராசரி எடுத்தாலும் லாம்தான் முந்துகிறார் என்று நான் சொன்னதில்லை. பக்கத்து வீடு ஆயிற்றே.

இப்போது எதிர்ப்பக்கம். அணியின் உரிமையாளர் ஜெர்ரி ஜோன்ஸ், அப்போது 81 வயது. ஜெனரல் மேனேஜரும் அவரே. பெரும்பாலான மற்ற அணிகளில் முதலாளி ஒருவர், ஆட்டக்காரர்களோடு பேரம் பேசுகிறவர் இன்னொருவர். இங்கே கல்லாவில் உட்கார்ந்திருப்பவரே சரக்கையும் நிறுத்துப் போடுகிறார். மைக்கைக் கண்டால் நிற்காமல் போகத் தெரியாத மனிதர். நம் சந்தைகளில் துண்டுக்குள் விரல் பிடித்து மாட்டு விலை பேசுவார்கள், பக்கத்தில் நிற்கிறவனுக்குக்கூடத் தெரியாது. இவருடைய பேரம் அதற்கு நேர் எதிர். தினமும் ஊரறிய நடக்கும்.

அவர் கையில் என்ன இருந்தது என்று பார்த்தால் அவருடைய நிதானம் புரியும். 2024-க்கு லாமுக்குத் தர வேண்டியது சுமார் 1 கோடியே 80 லட்சம் டாலர், அது ஏற்கெனவே பூட்டிய தொகை. அடுத்த வருஷம் ஒப்பந்தம் முடிந்தாலும் 'ஃபிரான்சைஸ் டேக்' என்ற ஒன்று இருக்கிறது. உன்னை வெளியே விடமாட்டேன், உன் இடத்தில் ஆடும் உச்ச சம்பளக்காரர்களை வைத்துக் கணக்கிட்ட ஒரு வருடச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு இரு என்று ஆளைப் பிடித்து வைக்கிற விதி. 2025-ல் ரிசீவர்களுக்கு அந்தத் தொகை சுமார் 2 கோடியே 40 லட்சம் என்று பின்னால் வந்தது. அதற்கடுத்த வருடமும் பிடித்து வைக்கலாம், ஆனால் 20 சதவீதம் கூட்டிக் கொடுக்க வேண்டும். மூன்றையும் கூட்டிப் பாருங்கள். நீண்ட ஒப்பந்தமே போடாமல், சுமார் 7 கோடி டாலரில் லாமை 2026 முடியும்வரை டாலஸில் உட்கார வைத்திருக்க முடியும். அதற்குள் பையனுக்கு 27 தாண்டியிருக்கும். ஒரு முழங்கால் போயிருந்தால் கதையே முடிந்திருக்கும்.

இந்த 7 கோடிதான் பேரத்தின் தரைமட்டம். லாம் கேட்டது அதற்கு மேலே எவ்வளவு என்பது மட்டுமே. டிவியில் இதை யாரும் இப்படிச் சொல்லவில்லை. நன்றியில்லாதவன் என்று ஒருவர், கஞ்சன் என்று ஒருவர், அவ்வளவுதான்.

முதலாளிகள் பக்கம் இன்னொரு வாதமும் உண்டு. லேசில் தள்ளிவிட முடியாதது. ரிசீவர் தானாக எதுவும் செய்ய முடியாது. முன்வரிசை தடுக்க வேண்டும், பந்து எறிகிற குவார்ட்டர்பேக்குக்கு மூன்று விநாடி கிடைக்க வேண்டும், அவர் இந்தப் பக்கம் பார்க்க வேண்டும், பிறகு பந்து சரியாக வர வேண்டும். ஓர் ஆட்டத்தில் ஐம்பது அறுபது முறை ஓடுகிற ஆளை நோக்கிப் பந்து பத்து முறை வந்தால் அதிகம். 2023-ல் லாமை நோக்கி 181 முறை எறிந்தார்கள், அந்த வருடம் லீக்கில் அதுதான் உச்சம். மற்ற நேரமெல்லாம் வெறும் ஓட்டம். இவர் ஓடுகிறார் என்று இரண்டு பேர் பின்னால் வருவதால் வேறொருவருக்கு இடம் கிடைக்கிறது. அந்த ஓட்டத்துக்கு விலை எப்படிப் போடுவது?

போதாததற்குக் கல்லூரிகளிலிருந்து வருடா வருடம் நல்ல ரிசீவர்கள் மலிவாக வருகிறார்கள். கான்சஸ் சிட்டி 2022-ல் டைரீக் ஹில்லை மயாமிக்குக் கொடுத்துவிட்டது. தொலைந்தார்கள் என்றோம். அந்த சீசனும் அடுத்த சீசனும் லீக்கின் கோப்பையான சூப்பர் பவுல் அவர்களுக்குத்தான். மின்னசோட்டா கதை இன்னும் அழகு. 2020 மார்ச்சில் முறைத்துக்கொண்டிருந்த ஸ்டெஃபான் டிக்ஸை பஃபலோவுக்கு அனுப்பி, பதிலுக்குக் கல்லூரி ஆட்டக்காரர் தேர்வின் முதல் சுற்றில் 22-வது இடத்தை வாங்கினார்கள். 21-வது இடத்தில் இருந்த ஃபிலடெல்ஃபியா ஜேலன் ரேகரை எடுத்தது. 22-ல் மின்னசோட்டாவுக்கு விழுந்தவர் ஜஸ்டின் ஜெஃபர்சன். முதல் வருடமே 1,400 யார்டு. பெரிய ரிசீவரை விற்று அதைவிடப் பெரிய ரிசீவரை வாங்கலாம் என்பதற்கு முதலாளிகள் காட்டுகிற உதாரணம் இது. ஆனால் 22-ல் ஜெஃபர்சன் விழலாம், 21-ல் ரேகரும் விழலாம் என்பதும் அதே கதைக்குள்தான் இருக்கிறது.

லாமும் ஜெஃபர்சனும் ஒரே செட். ஒருவர் 17, ஒருவர் 22. ஜெஃபர்சனுக்கு என்ன கிடைக்கிறதோ அதுதான் லாமின் அளவுகோல் ஆகும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால்தான் 2024 வசந்தத்தில் டாலஸ் சும்மா இருந்ததை என்னால் இன்னும் செரிக்க முடியவில்லை.

ஏப்ரல் 24: டெட்ராய்ட்டில் அமோன்-ரா செயின்ட் பிரவுனுக்கு நான்கு வருடத்துக்கு 12 கோடி. மறுநாளே ஃபிலடெல்ஃபியா ஏ.ஜே. பிரவுனுக்கு வருடம் 3 கோடியே 20 லட்சம். இதே பிரவுனுக்கு 2022-ல் அவர்கள் கொடுத்தது வருடம் இரண்டரைக் கோடி. அந்த ஒப்பந்தம் முடிய இன்னும் வருடங்கள் இருந்தும் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். ஜூன் 3: ஜெஃபர்சனுக்கு 14 கோடி, வருடம் மூன்றரைக் கோடி, குவார்ட்டர்பேக் அல்லாத எவருக்கும் அதுவரை கிடைக்காத தொகை. ஆறு வாரத்துக்குள் உச்ச விலை வருடத்துக்கு 50 லட்சம் டாலர் ஏறியது. அந்த நேரமெல்லாம் டாலஸ் பேசிக்கொண்டிருப்பதாகச் செய்தி மட்டும் வந்தது.

விலை ஏன் இப்படி ஏறுகிறது என்றால், பானை பெரிதாகிக்கொண்டே போகிறது. ஓர் அணி ஆட்டக்காரர்களுக்குச் செலவிடலாம் என்று லீக் போடுகிற உச்சவரம்பு 2023-ல் 22 கோடியே 48 லட்சம்; 2024-ல் 25 கோடியே 54 லட்சம்; 2025-ல் 27 கோடியே 92 லட்சம். டிவிக்காரர்கள் கொட்டுகிற பணம். 1994-ல் இந்த வரம்பை முதன்முதலாகக் கொண்டுவந்தபோது மொத்த அணிக்கும் சேர்த்து 3 கோடியே 46 லட்சம்தான். லாம் கடைசியில் வாங்கியது வருடத்துக்கு 3 கோடியே 40 லட்சம். அன்றைக்கு ஓர் அணிக்கு, இன்றைக்கு ஓர் ஆளுக்கு.

காத்திருந்தால் விலை இறங்கும் என்பது சந்தை சாயங்காலம் கலைகிற ஊர்களில் சரி. இங்கே சந்தை கலைவதே இல்லை. சின்சினாட்டியும் அதே கோடையில் ஜமார் சேஸைக் காக்க வைத்தது. அவர் அந்த சீசனில் 127 பந்து, 1,708 யார்டு, 17 டச்டவுன் என்று மூன்றிலும் லீக்கில் முதலிடம் பிடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். 2025 மார்ச்சில் அவர்கள் எழுதிக் கொடுத்தது 16 கோடியே 10 லட்சம். ஜோன்ஸும் பாடம் படித்தாரா என்றால், 2025-ல் தன் அணியின் தடுப்பாட்ட நட்சத்திரம் மைக்கா பார்சன்ஸ் விஷயத்தில் அதே போல் இழுத்து, கடைசியில் ஆளையே கிரீன் பே அணிக்குக் கொடுத்துவிட்டார். அதைப் பற்றிப் பெரியவரிடம் இன்னும் பேச முடியாது.

மேலே சொன்ன எண்களையெல்லாம் ஒரு சிட்டிகை உப்போடு வாங்கிக்கொள்ள வேண்டும். எனக்கு அது தெரிந்த விதம் கொஞ்சம் கசப்பானது. 2009-ல் சென்னையில் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்தபோது போனிலேயே ஆறு லட்சம் என்றார்கள். இரண்டு நிமிடத்தில் சரி என்றுவிட்டேன். ஆறு லட்சம் என்பது சி.டி.சி. என்று கடிதம் வந்த பிறகுதான் புரிந்தது. பி.எஃப்., கிராஜுவிட்டி, காப்பீடு, நிறுவனம் நன்றாகப் போனால் தருகிற 'வேரியபிள்' எல்லாம் போகக் கைக்கு வந்தது மாதம் முப்பத்தோராயிரம். அந்த வேரியபிள் நான் இருந்த இரண்டு வருடமும் வரவில்லை. ஊரில் அம்மா ஆறு லட்சம் என்று எல்லோரிடமும் சொல்லி முடித்திருந்தார்.

என்.எஃப்.எல். ஒப்பந்தத்தின் தலைப்பு எண்ணும் சி.டி.சி.தான். டவான்டே ஆடம்ஸ் 2022-ல் லாஸ் வேகஸுக்குப் போனபோது ஐந்து வருடம், 14 கோடி என்று பெரிய எழுத்தில் வந்தது. கடைசி இரண்டு வருடத்தில் தலா மூன்றரைக் கோடிக்கு மேல் எழுதி வைத்திருந்தார்கள். எழுதியவர், கையெழுத்துப் போட்டவர், செய்தி போட்டவர் எல்லோருக்கும் தெரியும், அந்தப் பணம் யாருக்கும் போகப் போவதில்லை என்று. உண்மையில் அது மூன்று வருடத்துக்கு 6 கோடியே 75 லட்சம். மூன்றாவது வருடம் முடிவதற்குள் ஆளை நியூயார்க் ஜெட்ஸுக்கு விற்றுவிட்டார்கள். ஜெட்ஸ் அடுத்த மார்ச்சில் கழற்றிவிட்டது. ஆனால் வருடம் 2 கோடியே 80 லட்சம் என்ற பேச்சு ஊரில் நின்றுவிட்டது. அடுத்த ஏஜென்ட் அதை எடுத்துக்கொண்டுதான் பேச வருவார். என் அம்மா சொன்ன ஆறு லட்சம் மாதிரி.

அதனால் பெரியவர் எனக்குக் கற்றுக்கொடுத்தபடி, எந்த ஒப்பந்தச் செய்தி வந்தாலும் முதலில் தேடுவது உத்தரவாதத் தொகையை. பேஸ்பால், கூடைப்பந்து போல் இங்கே எழுதியதெல்லாம் கைக்கு வராது. அடிபட்டாலோ வேகம் குறைந்தாலோ அணி மீதியைக் கிழித்துப் போட்டுவிடலாம். அந்த உத்தரவாதத்துக்குள்ளும் அடுக்கு உண்டு. ஜெஃபர்சனின் 14 கோடியில் உத்தரவாதம் 11 கோடி; அதிலும் கையெழுத்திட்ட நிமிடமே உறுதியானது சுமார் 8 கோடியே 87 லட்சம். மீதி பிற்பாடு, அந்தந்தத் தேதிக்கு அணியில் இருந்தால்.

பெரியவர் இதில் கறாராக இருப்பதற்குக் காரணம் டெஸ் பிரையன்ட். 2014 சீசனில் 16 டச்டவுன் பிடித்த டெஸ்ஸை டேக் போட்டுப் பிடித்து வைத்தார்கள். ஆட்டத்துக்கே வரமாட்டேன் என்று அவர் மிரட்ட, 2015 ஜூலை 15-ம் தேதி, கெடு முடிகிற அன்று, ஐந்து வருடத்துக்கு 7 கோடியில் முடிந்தது; உத்தரவாதம் நாலரைக் கோடி. அதே நாளில் டென்வரில் டெமேரியஸ் தாமஸுக்கும் அச்சு அசலாக ஐந்து வருடம், 7 கோடி. செப்டம்பர் 13, சீசனின் முதல் ஆட்டம். டெஸ்ஸின் பாதத்தில் எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு அவர் ஒரு சீசனில்கூட ஆயிரம் யார்டைத் தொடவில்லை. 2018 ஏப்ரலில் டாலஸ் அவரை வெளியே அனுப்பியது. ஜூலை 15-க்கும் செப்டம்பர் 13-க்கும் நடுவே இருப்பது இரண்டு மாதம்கூட இல்லை. அந்த இரண்டு மாதம் முன்னே பின்னே ஆகியிருந்தால் டெஸ்ஸுக்கு என்ன மிஞ்சியிருக்கும் என்று பெரியவர் கேட்பார். டெஸ் பெயர் போட்ட ஜெர்சியை அவர் வீட்டில் இப்போது கார் துடைக்க வைத்திருக்கிறார்கள். கோபத்தில் இல்லை, துணி நன்றாக இருக்கிறதாம்.

லாம் ஆக்ஸ்நார்டுக்கு வராமல் இருந்ததை இந்த வெளிச்சத்தில்தான் நான் பார்த்தேன். பயிற்சியில் ஒரு தப்படி போதும். தினம் 40,000 என்பது தண்டனை மாதிரித் தெரிந்தாலும், கால் பத்திரமாக இருப்பதற்குக் கட்டுகிற பிரீமியம் என்று எடுத்துக்கொண்டால் மலிவு. ஒரு மாதத்துக்கு 12 லட்சம் டாலர்.

ஆகஸ்ட்டில் ஒரு நாள் ஜோன்ஸ், இதை முடிக்க எனக்கு அவசரம் எதுவும் இல்லை என்று மைக்கில் சொன்னார். அதே ஜோன்ஸ்தான், ஜனவரியில் சொந்த மைதானத்தில் கிரீன் பேயிடம் 48-32 என்று உதை வாங்கிய பிறகு, இந்த வருடம் கையில் இருப்பது எல்லாவற்றையும் பந்தயத்தில் இறக்கிவிடப் போகிறோம் என்று சொன்னவர். லாம் எக்ஸ் தளத்தில் மூன்று எழுத்தில் பதில் போட்டார்: எல்.ஓ.எல். வாய்விட்டுச் சிரிக்கிறேன் என்று அர்த்தம். அந்தக் கோடையில் அவர் பகிரங்கமாகப் பேசியதில் எனக்குப் பிடித்தது அதுதான்.

"கொடுப்பார்" என்றார் பெரியவர், ஹோஸை மடக்கிப் பிடித்தபடி. "கத்துவார், கதை சொல்வார், கடைசியில் கொடுப்பார். எம்மிட்டுக்குக் கொடுக்கவில்லையா?"

1993. சூப்பர் பவுல் ஜெயித்த அணி. எம்மிட் ஸ்மித் லீக்கிலேயே அதிக தூரம் ஓடியவர். சம்பளம் படியவில்லை, வீட்டில் இருந்துவிட்டார். முதல் இரண்டு ஆட்டமும் டாலஸுக்குத் தோல்வி. மூன்றாவது ஆட்டத்துக்குள் ஜோன்ஸ் கையெழுத்துப் போட்டார். நான்கு வருடம், 1 கோடியே 36 லட்சம். அந்த வருடமும் கோப்பை. 2019-ல் இசிகியல் எலியட் மெக்சிகோவில் போய் உட்கார்ந்துகொண்டார். யார் அந்த ஸீக் என்று ஜோன்ஸ் கேமரா முன் நக்கலடித்தார். டாலஸின் முதல் ஆட்டத்துக்கு நான்கு நாள் இருக்கையில் அந்த ஸீக்குக்கே 9 கோடி கொடுத்தார். அதைக் கொடுத்திருக்கக் கூடாது என்பது என் கட்சி. எலியட் அடுத்த மூன்று வருடத்தில் தேய்ந்தே போனார்.

ஆகஸ்ட் 26, திங்கள்கிழமை. அலுவலகத்தில் ஒரு மீட்டிங்கில் இருந்தேன். எங்கள் ஊர் அலுவலகங்களில் சில செய்திகளுக்கு எல்லோர் போனும் ஒரே நேரத்தில் மேஜையில் அதிரும், அப்படி அதிர்ந்தது. நான்கு வருடம், 13 கோடியே 60 லட்சம். உத்தரவாதம் 10 கோடி. கையெழுத்து போனஸ் மட்டும் 3 கோடியே 80 லட்சம். ரிசீவர் ஒருவருக்கு அதுவரை யாரும் அவ்வளவு போனஸ் கொடுத்ததில்லை. மொத்தத் தொகையைப் பார்த்தால், எம்மிட்டின் தொகையில் ஒரு சைபர்தான் கூடியிருந்தது.

ஜெஃபர்சனைவிட வருடத்துக்குப் பத்து லட்சம் குறைவு என்று ஒரு கூட்டம் புலம்பியது. டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது, மின்னசோட்டாவில் மேல்தட்டுக்குக் கிட்டத்தட்ட பத்து சதவீதம். வெளியூர் ஆட்டங்களுக்கு அந்தந்த மாநிலம் வரி பிடிக்கும் என்றாலும், மாதாமாதம் என் சம்பளச் சீட்டைப் பார்க்கிற எனக்கு லாமுக்காக வருத்தப்படத் தோன்றவில்லை.

வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு கொடுத்ததால் அந்த வருடத்துக்கு அணிக்குச் செலவு குறைந்தது! போனஸ் ரொக்கமாகக் கைக்குப் போய்விடும். உச்சவரம்புக் கணக்கில் மட்டும் அதை ஐந்து வருடத்துக்குப் பிரித்து எழுதலாம். 3 கோடியே 80 லட்சம், வருடத்துக்கு 76 லட்சமாகச் சுருங்கியது. அந்த வருடச் சம்பளத்தையும் அடிமட்டத்துக்கு இறக்கினார்கள். 1 கோடியே 80 லட்சம் என்று கணக்கில் இருந்த லாம், கையெழுத்திட்ட பிறகு சுமார் 87 லட்சம் ஆனார். மீதியெல்லாம் பின்வருடங்களின் தலையில். ஏப்ரலிலேயே செய்திருந்தால் அந்த இடத்தில் இரண்டு ஆட்களை வாங்கியிருக்கலாம். எல்லாவற்றையும் இறக்குவதாகச் சொன்ன வருடத்தில் அதைச் செய்யவில்லை.

இரவு அப்பாவிடம் சொன்னேன். முதல் கேள்வி: "அரியர்ஸ் உண்டா?"

"இல்லப்பா. முன்பணமா 3 கோடியே 80 லட்சம் டாலர்."

"அப்ப ஸ்ட்ரைக்கு வெற்றிதான்" என்றார். பிறகு, "அந்த அணியில மத்தவங்களுக்கு?" என்று கேட்டார். குவார்ட்டர்பேக் டாக் பிரெஸ்காட் வரிசையில் இருக்கிறார் என்றேன். இரண்டு வாரத்தில், க்ளீவ்லாந்தில் முதல் ஆட்டம் தொடங்கச் சில மணி நேரம் இருக்கும்போது, அவருக்கு 24 கோடி எழுதினார்கள். அதையும் அப்பாவிடம் சொன்னேன். ஆட்டத்துக்குக் காலையிலா, என்று மட்டும் கேட்டார்.

சீசன் விளங்கவில்லை. நவம்பர் 3-ம் தேதி அட்லாண்டாவில் பிரெஸ்காட்டுக்குத் தொடைத்தசை போனது, அந்த வருடம் அவர் மறுபடி ஆடவில்லை. லாமுக்கும் அதே ஆட்டத்தில் தோளில் அடி. பந்து எறிகிறவர் மாறினால் பிடிக்கிறவரின் விலை என்ன ஆகும் என்று முதலாளிகள் கேட்கும் கேள்விக்கு அரை சீசன் நீளத்துக்கு விடை கிடைத்தது.

நவம்பர் 10, ஆர்லிங்டனில் சொந்த மைதானம், எதிரே ஃபிலடெல்ஃபியா. பெரியவர் வீட்டில்தான் பார்த்தேன். அந்த மைதானத்தின் மேற்குக் கோடியில் கோபுர உயரத்துக்குக் கண்ணாடி. பிற்பகல் ஆட்டமென்றால் சூரியன் இறங்கி நேரே உள்ளே வந்து தரையில் படுத்துக்கொள்ளும். முதல் பாதியில் மாற்று குவார்ட்டர்பேக் கூப்பர் ரஷ் எல்லைக்கோட்டுக்குள் பந்தை எறிந்தார். லாம் சரியான இடத்தில்தான் இருந்தார், பக்கத்தில் ஆள் இல்லை. திரும்பினார், முகத்தில் வெயில் அடித்தது, கை கண்ணை மறைக்கப் போனது. பந்து தொடாமலே கடந்து போய் விழுந்தது. ஆட்டம் 34-6.

திரைச்சீலை போடலாமா என்று பிறகு கேட்டபோது, ஆயிரம் சதவீதம் போடலாம் என்றார் லாம். கச்சேரி நடக்கும்போது அதே கண்ணாடிக்குத் திரை போடுவது வழக்கம்தான். ஜோன்ஸோ, அப்படியானால் மைதானத்தையே இடித்துவிட்டு வேறு கட்டலாமா என்று எரிந்து விழுந்தார்.

மறுநாள் மாலை பெரியவர் ஹோஸைச் சுருட்டி கராஜுக்குள் எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். சூரியன் அவர் வீட்டுக் கூரைக்கு மேலிருந்து என் கண்ணில் அடித்தது. என்னைப் பார்த்ததும் நின்றார்.

"பத்து கோடி கொடுத்தவருக்கு, ஒரு திரைச்சீலை என்ன விலை இருக்கும்?"